ஆடு இருமினால் உடனே ஊசியா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பட்டிக்குப் பட்டி இருமல் சத்தம்தான். குட்டி மூக்கில் சளியோடு, இரை எடுக்காமல் ஒதுங்கி நிற்கும். மெடிக்கலில் "சளிக்கு ஒரு ஊசி மருந்து குடுங்க" என்று வாங்கி வந்து, தெரிந்த ஆளைக் கூப்பிட்டுப் போட்டுவிடுகிறோம். சில ஆடுகள் தேறும், சில சாகும். அப்புறம், "போன வருஷம் கேட்ட மருந்துக்கு இப்பக் கேக்க மாட்டேங்குது" என்ற புலம்பல்.

நுரையீரலைத் தாக்கும் பாஸ்டுரெல்லா, மேன்ஹைமியா என்ற பாக்டீரியாக் கிருமிகள் நல்ல ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலும்கூடச் சும்மா இருக்கும். மழையில் நனைவது, லாரியில் நெருக்கி ஏற்றிய அலுப்பு, தீவன மாற்றம் இவற்றில் ஆடு தளரும்போது அவை நெஞ்சுக்குள் இறங்குகின்றன. தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக் ஊசியும் மூக்கில் இருக்கும் சாதுவான கிருமிகளைக் கொன்று, மருந்துக்கு மசியாதவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. அந்தக் கிருமிகள், மருந்தைத் தாங்க உதவும் எதிர்ப்பு மரபணுக்களைத் தங்களுக்குள் கைமாற்றவும் செய்யும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 2005-ல் சுவாச நோய் கண்ட மாட்டிடம் எடுத்த ஒரு பாஸ்டுரெல்லாவில், 12 எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே மூட்டையாக இருந்தன. ஆய்வகத்தில் அந்த மூட்டை அப்படியே மேன்ஹைமியாவுக்கும் தாவியது. அதாவது, ஏதோ ஒரு மருந்தைக் கண்டபடி போட்டால், போடாத மருந்துக்கும் சேர்த்தே கிருமி தேறிவிடலாம்.

முதல் தவறு, இருமல் என்றாலே பாக்டீரியாக் கிருமி என்று முடிவு கட்டுவது. ஆட்டுக்கொல்லி நோய் வைரஸால் வருவது. அந்த வைரஸை எந்த ஆன்டிபயாட்டிக்கும் தொடாது. பின்னால் சேரும் கிருமிக்காக மருத்துவர் ஊசி போடுவார், அது வேறு கணக்கு. நுரையீரல் புழுவாலும் இருமும், அதற்குக் குடற்புழு மருந்துதான். காய்ச்சலையும் நம் உடம்பை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. வெள்ளாட்டுக்கு 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பான சூடு.

இன்னொரு நெஞ்சுக் கோளாறு நாமே வரவழைப்பது. கசாயமோ எண்ணெயோ கொடுக்க ஆட்டின் தலையை அண்ணாக்கப் பிடித்து, நாக்கை வெளியே இழுத்து, பாட்டிலைக் கவிழ்த்துவிடுகிறோம். ஆடு விழுங்க முடியாமல் திணறும், புரையேறும், மருந்து நேரே நுரையீரலுக்குப் போகும். மறுநாள் இழுப்பு. அதற்கு எவ்வளவு வீரியமான ஊசி போட்டாலும் பிழைப்பது சந்தேகம். மூக்கு கண் மட்டத்துக்கு மேலே போகாமல், கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள்.

அளவு விஷயத்தில்தான் எனக்குப் பெரிய ஆதங்கம். நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கில் ஒரு மில்லிக்கு 200 மில்லிகிராம் மருந்து. வழக்கமான அளவு 10 கிலோ எடைக்கு 1 மில்லி. 35 கிலோ கிடாவுக்கு மூன்றரை மில்லி வர வேண்டும். ஆனால் குட்டிக்கும் 2 மில்லி, கிடாவுக்கும் 2 மில்லி என்றுதான் பெரும்பாலும் போடப்படுகிறது. திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிற ஆட்கள், ஊசி நேரத்தில் மட்டும் எடையை மறந்துவிடுகிறார்கள். குறைந்த மருந்து கிருமிக்குப் பயிற்சி கொடுத்ததாகத்தான் முடியும். அதே பெயரில் தினசரி போடும் சாதா மருந்தும் உண்டு. அதை ஒரே நாள் போட்டு நிறுத்துவதும் நடக்கிறது. லேபிளைப் படிக்காமல் ஊசியை எடுக்காதீர்கள்.

மூன்று நாள், ஐந்து நாள் என்று மருத்துவர் சொன்னதை, ஆடு இரண்டாம் நாள் மேயத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு மீதியை ஓட்டு இடுக்கில் செருகி வைப்பதும் வேண்டாம். அடுத்த மழைக்கு அந்தப் பாட்டில்தான் வெளியே வரும்.

மருந்து கேட்கவில்லை என்றால் அடுத்த "பவர்" ஊசிக்குத் தாவுவதும் சரியல்ல. நுரையீரலைத் தாக்கும் இன்னொரு கிருமியான மைகோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. செல்சுவரைக் குறிவைக்கும் பென்சிலினை எத்தனை தடவை போட்டாலும் வீண். எது பலிக்கும் என்று அறிய மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், அதுவும் முதல் ஊசிக்கு முன்னால். ஊசி போட்டபின் எடுத்தால் ஆய்வகத்தில் கிருமி வளராமல் போகலாம். மந்தையில் ஒரு ஆடு செத்தால் உடனே புதைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூக்குச் சளியைவிட நுரையீரல் துண்டு தெளிவாகப் பேசும். 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். எத்தனை ஆடு, எத்தனை நாள், ஏற்கெனவே என்ன ஊசி என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சந்தை ஆட்டை வந்த அன்றே பழைய மந்தையோடு சேர்க்காமல் இரண்டு மூன்று வாரம் தனியே கட்டுங்கள். குளிருக்கு என்று கொட்டிலைச் சுற்றித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் மூத்திர நெடி உள்ளேயே தங்கி மூச்சுக்குழாயை அரிக்கும். மேலே ஒரு முழம் திறந்து விடுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும், மாட்டுக்குத் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி மழைக்கு முன்பே.

ஊசி போட்ட மாட்டின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று தெரிந்தவர்கள்கூட, வீணாகிறதே என்று கன்றுக்கு விட்டுவிடுகிறார்கள். அந்த மிச்ச மருந்து கன்றின் குடலில் அடுத்த எதிர்ப்புக் கிருமியை வளர்க்கும். பாலுக்கு எத்தனை நாள், கறிக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் தனித்தனியாகக் கேட்டு, ஊசி போட்ட தேதியைக் கொட்டில் சுவரிலேயே கரியால் எழுதி வையுங்கள். தீபாவளிக்கு விற்க வேண்டிய கிடா என்றால் அந்த நாட்களைக் கழித்துத்தான் சந்தைக்கு ஓட்ட வேண்டும்.