ஒரே இரவில் இனம் மாறியவன்: மீயதார்த்தக் கதை எழுதும் முறை

தூங்கி எழுந்தவன் வேறு இனத்தவனாகியிருக்கிறான். நிஜத்தில் நடக்காத ஒன்று நடந்துவிடும் இந்த மீயதார்த்தக் கதையை எழுத முதலில் தேவைப்படுவது கற்பனை அல்ல, சட்டப் புத்தகம்.

நிறவெறி ஆட்சிக்காலத் தென்னாப்பிரிக்காவைக் களமாக எடுத்துக்கொள்ளுங்கள். 1950-ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தின்கீழ் பதிந்தது. சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். நழுவி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் இல்லை. உடன்பிறந்தவர்களே வெவ்வேறு இனமாகப் பதிவானதுண்டு. விண்ணப்பித்து இனம் மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. 1991-இல்தான் அச்சட்டம் ஒழிந்தது. நடந்ததே இத்தனை விபரீதம் என்பதால், நீங்கள் சேர்க்க வேண்டிய அதிசயம் ஒன்றே ஒன்று. இரண்டாவது வந்தால் முதலாவதையும் வாசகர் நம்ப மாட்டார்.

2,000 சொல் கதையென்றால் முதல் 100 சொல்லுக்குள் மாற்றம் நடந்துவிட வேண்டும். காரணம் சொல்லாதீர்கள். சாபம், மருந்து என்று எதையாவது சொன்னால், கதை அதற்கு மாற்றுத் தேடி ஓடிவிடும்.

வெள்ளையனைக் கறுப்பனாக்கிப் பாடம் புகட்டும் கதைகள் ஏராளம். அவற்றில் கறுப்பு வெறும் தண்டனையாகிவிடுகிறது. எதிர்த்திசையில் போங்கள். கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், 1966 பிப்ரவரி: அப்பகுதி வெள்ளையருக்கு மட்டும் என்று அரசு அறிவிக்கிறது. அங்கே குடியிருக்கும் கலப்பினத்தவன் வெள்ளையனாக விழிக்கிறான். இனி அந்தத் தெருவில் குடியிருக்க அவனுக்கு மட்டுமே அனுமதி.

இப்போது ஒரு தாளில் ‘நேற்று’, ‘இன்று’ என இரு நெடுவரிசை போட்டு பேருந்து, அஞ்சலக வரிசை, பூங்கா பெஞ்சு, பிள்ளையின் பள்ளி, மனைவி என்று நிரப்புங்கள். கதையின் உயிர் மனைவியின் வரியில் இருக்கிறது. வெள்ளையர் பிற இனத்தவரை மணப்பதை 1949-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. உறவுகொள்வதை ‘ஒழுக்கக்கேடு’ சட்டம் என்ற வேறொரு சட்டத்தின் 1950-ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கியது. நேற்றுவரை குடும்பம் நடத்திய படுக்கை இன்று போலீசுக்குத் தடயம்.

கண்ணாடிக் காட்சி வேண்டாம். தோலை காப்பி, சாக்லேட், பால் என்று வர்ணிக்கவும் வேண்டாம், மனிதர் தின்பண்டமாகிவிடுவார். மாற்றத்தை மற்றவர்கள் நடந்துகொள்ளும் விதத்தில் காட்டுங்கள்: நேற்று அதட்டிய எழுத்தர் இன்று எழுந்து நிற்கிறார். தோல் மாறினாலும் பழக்கம் உடனே மாறாது. கால் பழைய வரிசைக்கே போகும், அதிகாரி முன்னால் குரல் தானாகத் தாழும். இப்படி மூன்று பழக்கங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றாக உதிரவிடுங்கள். மூன்றாவது உதிரும்போது அவனுக்கு அது தெரியக் கூடாது, மனைவிக்குத் தெரிய வேண்டும்.

‘எல்லாம் கனவு’ என்று முடித்தால் அதுவரை கட்டியது வீண். கடைசியில் இன மாற்றப் படிவத்தை அவன் முன் வையுங்கள். கையெழுத்திடுவதோ கிழிப்பதோ, அந்தச் செயலோடு நிறுத்துங்கள். அதன்பின் அவன் மனநிலையை விளக்கும் வரி ஏதாவது இருந்தால் வெட்டிவிடுங்கள்.