ஓபியாய்டு ஓவர்டோஸ்: தாராவியில் முதலுதவிப் பயிற்சி நடத்தும் முறை

ஹெராயின், பிரவுன் சுகர் (கலப்பட ஹெராயின்), ட்ரமடால் (வலிநீக்கி மருந்து) போன்ற ஓபியாய்டுகள் அளவு மீறினால் மூச்சு மெல்ல அடங்கி உயிர் போகிறது. ஆகவே பயிற்சி நேரத்தில் பாதியையாவது மூச்சூட்டுவதற்கே ஒதுக்க வேண்டும்.

போதைப்பொருள் பயன்படுத்துவோரையும் அவர்கள் வீட்டாரையும் முதலில் அழையுங்கள். மயங்கிக் கிடப்பவரைப் பல நேரம் முதலில் காண்பவர் என்பதால், கட்டணக் கழிப்பறையைப் பார்த்துக்கொள்பவரையும் விட்டுவிடாதீர்கள். சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ அண்மையில் திரும்பியவர் பழைய அளவையே எடுத்தால் உடல் தாங்காது என்பதை அவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

உலுக்கினாலும், மார்பெலும்பின் மேல் விரல்முட்டியால் தேய்த்தாலும் விழிக்காமை, குண்டூசி முனையளவு சுருங்கிய கண்மணி, விட்டுவிட்டு வரும் மூச்சு ஆகியவையே அடையாளங்கள். மூச்சு குறைவதால் உடலில் படரும் நீலநிறம் மாநிறத்தவரிடம் எளிதில் தெரியாது. உதட்டின் உட்புறத்தையும் நகங்களையும் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். முகத்தில் தண்ணீர் ஊற்றுவதும் பால் புகட்டுவதும் உப்புநீர் ஊசியும் பயன் தருவதில்லை. வாயில் எதையும் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

108-ஐ அழைத்ததும் ஒருவர் 90 அடி சாலைக்கு ஓட வேண்டும், ஏனெனில் நம் சந்துகளுக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது. மற்றவர் வாயிலுள்ள குட்காவை வழித்தெடுத்து, தலையைப் பின்னே சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மார்பு எழும்படி ஐந்து விநாடிக்கு ஒரு மூச்சு ஊத வேண்டும். மூச்சு அடியோடு நின்று உடலில் எந்த அசைவும் இல்லையென்றால் மார்பு அழுத்தமும் தேவை.

நாலாக்சோன் ஓபியாய்டின் விளைவை முறிக்கும் மருந்து. அதற்குப் போதை கிடையாது. ஓவர்டோஸைக் காண நேரிடுவோர் கையில் அது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இல் பரிந்துரைத்தது. இங்கே மருத்துவர் சீட்டில்லாமல் அதை வாங்க முடியாது என்பதால், மருத்துவர் ஒருவரின் பொறுப்பிலேயே பயிற்சி நடக்க வேண்டும். 0.4 மில்லிகிராம் ஆம்பூலை (மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பியை) துணியால் பற்றி, அதன் கழுத்தை வெளிப்புறமாக ஒடிப்பது பலருக்கு ஊசி போடுவதைவிடக் கடினமாக இருக்கும். ஒடித்துப் பழகச் சலைன் (உப்புநீர்) ஆம்பூல்களையும், குத்திப் பழக ஆரஞ்சுப் பழங்களையும் தாராளமாகக் கொடுங்கள். நிஜத்தில் தொடையின் வெளிப்புறத் தசையில், உடையின் மேலாகவே குத்தலாம். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் இன்னொன்று போட வேண்டும், இடையில் மூச்சூட்டல் நிற்கக்கூடாது.

எழுந்தவர் வாந்தியெடுக்கலாம், போதையைக் கெடுத்துவிட்டதாகத் திட்டவும் செய்யலாம். மருந்தின் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் குறைந்ததும் மூச்சு மறுபடி அடங்கக்கூடும். எனவே அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மீண்டும் போதைப்பொருள் எடுக்கவிடாமல், மருத்துவமனை சேரும் வரை ஒருவர் கூடவே இருந்து, ஊசி போட்ட நேரத்தை அங்குள்ள மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.