முதுமையில் மறதி: குடும்பத்தினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது ஆண்டுகளாக ரசம் வைத்து வந்தவர் ஒரு நாள் புளியைக் கரைத்து வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பின் முன் நிற்கிறார். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். வயது கூடும்போது பெயர்கள் நினைவுக்கு வரச் சற்றுத் தாமதமாவது இயல்பு. பழகிய வேலையின் வரிசை கலைவதும், கேட்ட கேள்வியையே அரை மணி நேரத்துக்குள் நான்கு முறை கேட்பதும், தெரிந்த தெருவில் வழி தவறுவதும் இயல்பல்ல. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது; அப்படியென்றால் எஞ்சிய பெரும்பான்மையினருக்கு அது இல்லை. முதுமையும் இந்நோயும் ஒன்றல்ல.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "அல்சைமர் வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று, மறதிநோயின் ஒரு வகையான அல்சைமரைப் பரிசோதனைக்கு முன்பே தீர்மானித்துவிடுவதை நான் இன்னும் பெரிய தவறாகவே கருதுகிறேன். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகிய மூன்றும் மறதிநோயைப் போலவே தோற்றம் காட்டக்கூடியவை; மூன்றுக்கும் சிகிச்சை இருக்கிறது. சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்பவர்களுக்கும், சைவ உணவு மட்டுமே உண்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம் என்பதால், நம் வீடுகளில் அந்த இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் இலேசாக அடிபட்ட முதியவருக்கு, மூளையைச் சுற்றி மெல்லக் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்தே குழப்பத்தை உண்டாக்கலாம். அதற்குள் விழுந்ததையே எல்லோரும் மறந்திருப்பார்கள். எனவே மருத்துவரிடம் அதை மறவாமல் சொல்ல வேண்டும்.

நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று ஆளையும் நேரத்தையும் குழப்பிக்கொண்டால், அது பெரும்பாலும் மறதிநோயன்று. டெலிரியம் எனப்படும் அவசர நிலை. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீரிழப்பு, இரத்தத்தில் சோடியம் குறைவது போன்றவை அதற்குக் காரணமாகலாம். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர், குறிப்பாக வயிற்றுப்போக்கு கண்டிருக்கும் நாட்களில், சோடியம் குறைந்து தடுமாறுவதுண்டு. இந்த நிலையில், "நாளை வரை பார்ப்போம்" என்று காத்திருப்பதும், மந்திரிக்க அழைத்துச் செல்வதும் உயிருக்கே ஆபத்தாகலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளையும் இங்கே சொல்ல வேண்டும். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளும், சளிக்கு விழுங்கும் குளோர்பெனிரமினும் முதியவர்களின் நினைவை மங்கச் செய்து, நடையையும் தள்ளாட வைக்கும். அதே வேளையில், நெடுநாள் பழகிய தூக்க மாத்திரையைத் தாமாகவே சட்டென்று நிறுத்துவது வலிப்பு வரை கொண்டுபோகக்கூடும். மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

தடுப்பு என்று வரும்போது, சத்து மாவிலும் நினைவாற்றல் டானிக்கிலும் பணத்தைச் செலவழித்துவிட்டு, காதைக் கவனிக்காமல் விடுகிறோம். லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் ஆணையம் 2024-இல், மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் மறதிநோயின் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று கூறியது. நடுவயதின் உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல், தனிமை ஆகியவற்றோடு, காது கேளாமையும் சரிசெய்யப்படாத பார்வைக் குறைவும் அந்தப் பட்டியலில் உள்ளன. காது கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து விலகி, வீட்டுக்குள்ளேயே தனித்துப் போகிறார். கண்புரை அறுவையையும் காது கேட்கும் கருவியையும் "இந்த வயதில் எதற்கு" என்று ஒதுக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நோய் உறுதியான பின் வீட்டில் நிகழும் தவறு, வாதாடுவது. சொந்த வீட்டில் அமர்ந்துகொண்டே "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று அம்மா கேட்டால், "இதுதான் உங்கள் வீடு" என்று பத்து முறை திருத்துவது அவரது பதற்றத்தையே கூட்டும். "அங்கே யாரெல்லாம் இருப்பார்கள், அம்மா?" என்று கேட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்துவிட்டு வரலாம்.