மனநலக் களங்கத்தைப் போக்க முயலும் சகபாடிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாழ்நாளில் ஏற்படும் மனநலப் பாதிப்புகளில் ஏறத்தாழ முக்கால்வாசி 24 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டறிந்தது. பேராதனையிலோ பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலோ படிக்கும் ஒருவர், உறக்கம் வராத தம் இரவுகளைப் பற்றிப் பெரும்பாலும் முதலில் வாய் திறப்பது விடுதியில் அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் நண்பரிடந்தான். ஆகவே, மனநலப் பாதிப்புள்ளவர்களை இழிவாகப் பார்க்கும் களங்கத்தைப் போக்க, கூடப் படிக்கும் சகபாடிகள் வழியாக விழிப்புணர்வூட்டுவது நல்ல வழியே. ஆனால் நல்ல மனத்தோடு தொடங்கும் முயற்சிகளும் சில தவறுகளால், இருக்கும் அச்சத்தைக் கூட்டிவிடுகின்றன.

நோய்களையும் அறிகுறிகளையும் திரையில் வரிசையாகக் காட்டுவது அவற்றுள் ஒன்று. அமர்வு முடிந்து சிற்றுண்டிச்சாலைக்குப் போவதற்குள் கேட்டவர்கள் ஒருவருக்கொருவர் நோய்ப் பெயர் சூட்டத் தொடங்கிவிடுவார்கள். ‘மூளையின் இரசாயனக் கோளாறு’ என்று மட்டும் விளக்குவதும் போதாது. அது பாதிக்கப்பட்டவர் மீதான பழியைக் குறைத்தாலும், அவர் இனித் தேறவே மாட்டார் என்ற எண்ணத்தை வளர்ப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கடன், வீட்டுச் சண்டை, பரீட்சைத் தோல்வி போன்றவற்றின் பங்கையும், சிகிச்சையால் பலர் குணமடைவதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் பல்கலைக்கழகங்களில் இதைவிடப் பெரிய தவறு, சிரேஷ்ட மாணவர்களைப் புதுமுக மாணவர்களின் ‘சகபாடி’ என்று நிறுத்துவது. பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் சிரேஷ்டர் பேசினால் கனிஷ்டர் தலைகுனிந்து கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அப்படிப்பட்ட கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள், எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பகிடிவதையாலேயே மனமுடைந்த ஒரு மாணவி அங்கே யாரை நம்பிப் பேசுவாள்? ஒரே பெட்சைச் சேர்ந்தவர்கள், பத்துப் பேருக்கு மேற்படாத குழுவாக, தமிழ் மாணவர்களானால் தமிழிலேயே பேசுவதுதான் பயன் தரும்.

களங்கத்தைக் குறைப்பதில், மனநலப் பாதிப்பை அனுபவித்தவர்களோடு நேரிலோ வேறு வழியிலோ பழகுவதே மிகச் சிறந்த வழி என்பது லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2022இல் வலியுறுத்திய முடிவு. இதைக் கேள்விப்பட்டதும், சிகிச்சையில் இருக்கும் வகுப்புத் தோழி ஒருத்தியை அவசரமாக மேடையேற்றிவிடும் ஏற்பாட்டாளர்கள் உண்டு. மலையகச் சூழலில் இது கொடுமையாகவும் முடியலாம். ஒருவர் கைப்பேசியில் பதிவுசெய்த காணொளி, அவள் விடுமுறைக்கு வீடு சேருமுன்பே தோட்டத்தை எட்டிவிடும். ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் வாழும் லயத்தில் அதன்பின் எதை மறைக்க முடியும்? தங்கையின் கல்யாணப் பேச்சுவரை அது தொடரும். குணமடைந்து சில காலமாகி, தாமாகவே முன்வந்து, எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று முன்கூட்டியே தீர்மானித்தவரையே அழைக்க வேண்டும். கைப்பேசிகளை வெளியே வைக்கச் சொல்லத் தயங்கக்கூடாது.

கோயில் பூசாரியிடம் போய்த் திருநீறு போட்டு, கயிறு கட்டிவரும் குடும்பங்களை அமர்வில் ஏளனம் செய்வதும் கூடாது. அங்கே அமர்ந்திருக்கும் பாதிப்பேர் அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். அம்மாவைப் பழிப்பவரின் அறிவுரையை அவர்கள் ஏற்கமாட்டார்கள். கோயிலுக்கும் போகட்டும், கிளினிக்கையும் விடாதிருக்கட்டும் என்பதே போதும்.

கடைசியாக, ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று முழு வாக்குக் கொடுப்பது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் விடுதிப் பொறுப்பாளரிடமோ வைத்தியரிடமோ சொல்ல நேரும் என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமன்று. பொலிஸுக்கு அஞ்சி மறைப்போருக்கு இதையும் சொல்ல வேண்டும். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐப் பிறருக்குக் கொடுக்குமுன், நீங்களே ஒருமுறை அழைத்து, தமிழில் பேச என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.