யானைக்குக் காசநோய்ப் பரிசோதனை: தும்பிக்கை கழுவி மாதிரி எடுக்கும் முறை

விடிந்ததும், யானை தண்ணீர் குடிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். ஒருமுறை நீரை உறிஞ்சி ஊதிவிட்டால் இரவில் சேர்ந்த சளி போய்விடும்; பிறகு கிடைப்பது வெறும் தண்ணீர்தான்.

நுனியில் ஒட்டிய மண்ணைத் துடைத்துவிட்டு, ஊசி மாட்டாத சிரிஞ்சால் கிருமிநீக்கிய 0.9% சலைன் 60 மி.லி.யை மூக்குத் துளைக்குள் விடுங்கள். உடனே பாகன் தும்பிக்கையைத் தூக்கச் சொல்ல வேண்டும். அரை நிமிடம் போதும். இறக்கும்போது சுத்தமான பிளாஸ்டிக் பையை நுனியில் மாட்டிப் பிடித்து, ஊதுவதை அதில் வாங்குங்கள். பைக்குள் நூல்நூலாகச் சளி மிதந்தால் நல்ல மாதிரி. மூடியுள்ள குழாய்க்கு மாற்றி, குளிரில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

பெரும்பாலும் சொதப்புவது பழக்காததால்தான். யானை சலைனை வாய்க்குள் ஊதிக் குடித்துவிடும், இல்லையேல் உங்கள் முகத்தில் பீய்ச்சும். சில வாரம் வெல்லம் கொடுத்துப் பழக்குங்கள். என்95 முகக்கவசம் அணிந்து, பக்கவாட்டில் நில்லுங்கள். இந்நோய் யானையிலிருந்து மனிதருக்கும், மனிதரிடமிருந்து யானைக்கும் தொற்றும், ஆகவே பாகனையும் பரிசோதிக்க வேண்டும்.

ஒரு வாரத்துக்குள் மூன்று வெவ்வேறு நாட்களில் எடுங்கள். கிருமி விட்டுவிட்டுத்தான் வெளியேறும் என்பதால் ஒரு மாதிரியை நம்ப முடியாது. ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனை முடிய 8 வாரம்கூட ஆகலாம். அதற்குள் காதிலுள்ள ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்து எதிர்ப்பொருள் சோதனையும் செய்துவிடலாம்.