இரக்கம் பற்றிக் கட்டுரை எழுதுவது எப்படி? ஒரு மருந்துக் கடையிலிருந்து தொடங்குவோம்

பள்ளிப் போட்டியோ கல்லூரி மலரோ, "இரக்கம்" என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் முக்கால்வாசிக் கட்டுரைகள் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: "இரக்கம் என்பது மனிதனின் உயரிய பண்பாகும்." அந்த வாக்கியத்தில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதில் ஓர் ஆளும் இல்லை. ஆளே இல்லாத இடத்தில் படிக்கிறவர் யாருக்காக இரங்குவார்?

சில வருடங்களாக மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். அதில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று உண்டு. இரக்கத்தைப் பற்றி எழுதும்போது, உதவி பெறுகிறவரின் மானத்தைக் காப்பதுதான் எழுத்தின் முதல் வேலை. மற்ற உத்திகளெல்லாம் அதற்கு அப்புறம்தான். கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு படியையும் இதை மனதில் வைத்துக்கொண்டே செய்து பாருங்கள்.

முதல் படி: எந்தச் சொல் என்று முடிவு செய்யுங்கள்

இரக்கம், கருணை, பரிவு, அருள், கண்ணோட்டம் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றல்ல. திருக்குறளில் அன்புடைமை எட்டாவது அதிகாரம், இல்லறத்தில் வருகிறது. அருளுடைமை 25-ஆவது, துறவறத்தின் தொடக்கம். கண்ணோட்டமோ 58-ஆவது, பொருட்பாலில் அரசனுக்குச் சொல்லப்படுகிறது. சொந்தபந்தம் பார்க்காமல் எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள் என்கிறார் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர். பழகியவர் முகத்தைப் பார்த்ததும் மறுக்க முடியாமல் மனம் இளகுகிறதே, அது கண்ணோட்டம்.

இதை அப்படியே கட்டுரையில் ஒப்பிக்க வேண்டாம். நீங்கள் எழுதப்போவது முன்பின் தெரியாதவர்மேல் வரும் இரக்கமா, தினமும் பார்க்கிற ஒருவர்மேல் வருவதா என்று உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளத்தான். அது தெளிவானால் காட்சி தானாகக் கிடைக்கும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு காட்சியைப் பிடியுங்கள்

சுனாமி, போர், பஞ்சம் என்று பெரிதாகப் போக வேண்டாம். நீங்கள் கண்ணால் பார்த்த, ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாத ஒன்று போதும். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

தெருமுனை மருந்துக் கடை. ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஒரு பெரியவர் வந்தார். வழக்கமாக வருகிறவர்தான். சீட்டில் ஒரு மாதத்துக்கு எழுதியிருந்தது. அவர் கேட்டது ஐந்து மாத்திரை. இதை மூன்று வாக்கியத்தில் எழுதச் சொன்னால், புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்:

"ஏழை முதியவர் ஒருவர் கண்ணீர் மல்க நின்றார். அவருடைய பரிதாப நிலையைக் கண்டு கடைக்காரரின் நெஞ்சம் உருகியது. கருணையே வடிவான அவர் மருந்தை இலவசமாக அளித்தார்."

நடந்தது இது:

"'அஞ்சு மாத்திரை போதும் தம்பி' என்றார் பெரியவர். பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். அட்டையைப் பார்த்தார். கத்தரிக்கோலைத் திரும்ப வைத்துவிட்டார். 'வெட்டினா தேதி போயிடும்யா. முழு அட்டையா வச்சுக்கங்க, மீதிக் காசு அடுத்த வாரம் பாத்துக்கலாம்' என்றார், பெரியவருக்கு மட்டும் கேட்கிற குரலில்."

மருந்துக் கடையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காலாவதி தேதி அச்சிட்ட ஓரத்தைக் கடையிலேயே வைத்துக்கொண்டு, மறுமுனையிலிருந்துதான் வெட்டிக் கொடுப்பார்கள். ஆகவே தேதி போய்விடும் என்பது ஒரு சாக்கு. பெரியவர் தலை குனியாமல் வாங்கிக்கொள்வதற்காக அந்த ஒரு நொடியில் கடைக்காரர் கண்டுபிடித்த சாக்கு. அதோடு குரலையும் தாழ்த்திக்கொண்டார். இந்த இரண்டும்தான் உங்கள் கட்டுரையின் உயிர். முதல் வடிவத்தில் இரண்டுமே காணோம். அங்கே இருப்பதெல்லாம் பரிதாபம், உருக்கம், கருணை என்ற சொற்கள் மட்டும்.

இரண்டாவது வடிவத்தில் "இரக்கம்" என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். உணர்ச்சிக்குப் பெயர் வைக்காதீர்கள். கை என்ன செய்தது, கண் எங்கே போனது, குரல் எப்படி மாறியது, இவற்றை எழுதுங்கள்.

மூன்றாம் படி: உதவி பெறுகிறவருக்கும் பேச இடம் கொடுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். உதவி செய்கிறவர் பேசுவார், யோசிப்பார், நடப்பார். பெறுகிறவர் கந்தல் துணியோடு ஒரு மூலையில் நிற்பார், அவ்வளவுதான். அவருக்குப் பேச்சு கிடையாது, பிடிவாதம் கிடையாது. "ஐயோ பாவம்" என்ற ஒரே ஒரு முத்திரை மட்டும்.

நம் பெரியவர் இலவசமாகக் கேட்கவில்லை. கையில் இருந்த காசுக்கு எத்தனை மாத்திரை வரும் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் கணக்கை எழுதுங்கள். அவர் ஒரு ஆளாக நிமிர்ந்துவிடுவார். "தீனமான", "அநாதரவான" மாதிரி அடைமொழிகளையும் எடுத்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை: அந்தப் பெரியவரே இதைப் படித்தால் கூசிப்போவாரா? கூசுவார் என்று தோன்றினால் அந்தப் பத்தியைத் திரும்ப எழுதுங்கள். நடந்ததை எழுதுகிறீர்கள் என்றால் கடை, தெரு, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றிவிடுவது கட்டாயம்.

நான்காம் படி: உங்கள் தயக்கத்தையும் சேருங்கள்

வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பேரில் நானும் ஒருவன். அவசரமாகப் போக வேண்டியிருந்ததால், "ஏன் இவ்வளவு நேரம்?" என்றுதான் முதலில் நினைத்தேன். இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். படிக்கிறவரும் அந்த வரிசையில் நின்றவர்தான். அவருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வருவது இந்த ஒரு வரியால்தான்.

ஐந்தாம் படி: மேற்கோள் ஒன்று போதும்

நான்கு குறள், இரண்டு பழமொழி, ஓர் அறிஞர் பொன்மொழி என்று அடுக்கினால் உங்கள் குரல் அமுங்கிவிடும். ஒன்றை எடுங்கள்; அதிலிருந்து எழுத்து வேலையையும் கற்றுக்கொள்ளுங்கள். "அருளென்னும் அன்பீன் குழவி" என்று தொடங்குகிற 757-ஆம் குறளில் வள்ளுவர் அருளைப் புகழவே இல்லை. அது அன்பு பெற்ற குழந்தை, பொருள் என்னும் பணக்காரச் செவிலித்தாய் வளர்த்தால்தான் வளரும் என்று ஒரு வீட்டுக் காட்சியைக் காட்டுகிறார். மனம் இருந்தும் பணம் இல்லாதவனின் சங்கடம்கூட அதற்குள் வந்துவிடுகிறது.

ஆளுமைகளைப் பற்றி எழுதும்போதும் அப்படித்தான். "வள்ளலார் ஒரு கருணைக்கடல்" என்று எழுதினால் படிப்பவர் மனதில் எதுவும் நிற்காது. 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது, பசித்து வருகிறவர்களுக்கு அங்கே சோறு கிடைக்கிறது என்று எழுதுங்கள். அந்த அடுப்பு மனதில் நிற்கும்.

ஆறாம் படி: வாய்விட்டுப் படித்து வெட்டுங்கள்

சத்தமாகப் படியுங்கள். மேடைப் பேச்சுபோலக் குரல் உயர்கிற இடங்களில் கோடு போடுங்கள். "நாம் அனைவரும்", "இன்றைய அவசர உலகில்" போன்றவை அங்கேதான் ஒளிந்திருக்கும். எடுத்துவிடுங்கள்.

முடிவில் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும்: "எனவே நாமும் இரக்கத்தோடு வாழ்வோம்!" அதையும் அடித்துவிட்டுக் காட்சிக்கே திரும்பிப் போங்கள். பெரியவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொள்கிறார். கடைக்காரர் அதற்குள் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்னண்ணே?" என்கிறார். கட்டுரையை அங்கேயே விட்டுவிடலாம்.