தசை வளரும் வேகத்தில் மூட்டு வளராது: பளு தூக்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க பாடிபில்டர் ரோனி கோல்மன், பாடிபில்டிங்கில் பெரிய பட்டமான மிஸ்டர் ஒலிம்பியாவை 1998 முதல் 2005 வரை தொடர்ந்து எட்டு முறை வென்றவர். 800 பவுண்டை, அதாவது சுமார் 363 கிலோவைத் தோளில் வைத்து அவர் ஸ்குவாட் செய்யும், அதாவது குந்தி எழும் வீடியோவைப் பார்க்காத ஜிம் பையன்கள் குறைவு. பிற்பாடு அவருக்கு இரண்டு இடுப்பு மூட்டுகளையும் மாற்ற வேண்டியிருந்தது. முதுகில் பல அறுவை சிகிச்சைகள் ஆயின. ஊன்றுகோல் பிடித்து நடக்கும் நிலைக்கு வந்தார்.

யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முறையாகப் பளு தூக்கினால் எலும்பு உறுதிப்படும், வயதாகும்போது தசை கரைவது குறையும், சர்க்கரையும் கட்டுக்குள் நிற்கும். உடம்பைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரம்தான்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு இரண்டு மூன்று மாதத்தில் பலம் மளமளவென்று ஏறும். ஆனால் தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது உறுதிப்பட இன்னும் பல மாதங்கள் பிடிக்கும். இது தெரியாமல் வாராவாரம் ஐந்து கிலோ ஏற்றிக்கொண்டே போவார்கள். வலி முதலில் முழங்கையிலோ தோளிலோ எட்டிப்பார்க்கும். ஜிம்மில் மல்லாந்து படுத்து 80 கிலோவை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் போடுகிறவர், காலையில் டீ டம்ளரை எடுக்கும்போது முகம் சுளிப்பார். எடையைக் குறைக்க வேண்டிய நேரம் அது. அவரோ ஒரு வலி மாத்திரையை விழுங்கிவிட்டு சாயங்காலம் அதே எடைக்கு வந்து நிற்பார். என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய தவறு கிடையாது. வலியை மறைத்துவிட்டால், எங்கே நிறுத்துவது என்று சொல்ல உடம்புக்கு வேறு வழியில்லை.

தரையில் கிடக்கும் பாரைக் குனிந்து பிடித்து நிமிரும் டெட்லிஃப்ட் போடுகிறவரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முதல் மூன்று ரெப்பில் (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) முதுகு பலகை மாதிரி இருக்கும். ஐந்தாவதில் இடுப்பு முந்திக்கொண்டு மேலே போகும், கீழ் முதுகு வளையும், பார் காலைவிட்டு விலகும். அந்த ஒரு ரெப்பில் ஒன்றும் ஆகாமல் போகலாம். அதையே வருஷக்கணக்கில் செய்தால் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் தாங்காது. நான்காவதோடு பாரை இறக்கி வைப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

அப்புறம் மூச்சு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாடிபில்டர்களின் ரத்தக்குழாயிலேயே கருவியைப் பொருத்தி அளந்து, 1985-ல் வெளியிட்டார்கள். கால்களால் கனத்த எடையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸின்போது ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை ஏறியிருந்தது. மூச்சை இறுக்கிப் பிடித்துத் தள்ளுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆரோக்கியமான ஆள் சில நொடி தாங்கிவிடுவார். ஏற்கெனவே பிரஷர் இருப்பவர், அதைப் பார்க்காமலே இப்படித் தூக்குவது ஆபத்து. ஜிம்மில் சேருமுன் ஒரு தடவை பிரஷர் பார்த்துவிடுங்கள்.

தசை ஏற்றுவதற்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. இதயச் சுவர் தடிக்கும், விந்தகம் சுருங்கும். யார் கொடுத்தாலும் வேண்டாம்.

சாதாரண உடம்பு வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். முதுகில் கிளம்பி காலுக்கு இறங்கும் வலி அப்படியல்ல. அதோடு கால் மரத்துப்போனாலோ பலமிழந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ, ஜிம் மாஸ்டரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.